குடவாசல் வயலில் எங்கள் படகின் டீசல் டேங்க்

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்த இரண்டாம் நாள் காலை, என் மனைவி வசந்தி படகின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அடியில் தேங்கியிருந்த தண்ணீரின் மேல் டீசல் படலம் வானவில் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டுக்கொண்டே போனேன். ஈரம் டீசல் டேங்கின் அடிமூலையில் போய் முடிந்தது.

நாங்கள் மலேசியாவின் பினாங்குக்காரர்கள். முப்பது வருடம் அங்கே பயணிகள் ஃபெர்ரியின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தேன். வசந்தி பள்ளி ஆசிரியை. இருவரும் ஓய்வு பெற்றதும், நாற்பது வயதான ஒரு பாய்மரப் படகை வாங்கி, ‘செம்பருத்தி’ என்று பெயர் வைத்து, கடல் மேல் புறப்பட்டு விட்டோம். எங்கள் பாட்டனார்கள் இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறினார்கள் என்பார்கள். எந்த ஊர் என்று இருவருக்கும் தெரியாது, அதைத் தேடி வரவும் இல்லை. நாகப்பட்டினத்தில் ஒன்பது நாள் தங்கிவிட்டுத் திருகோணமலைக்குப் போவதுதான் திட்டம். துறைமுகத்தில் கொடுத்த அனுமதியும் ஒன்பது நாளைக்குத்தான்.

பாய்மரப் படகுக்கு டீசல் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். காற்று நம் சொல் கேட்காது. விசைப்படகுகள் வரிசையாக நிற்கும் ஆற்று முகத்துவாரத்தில் எஞ்சின் இல்லாமல் நுழையவும் முடியாது, வெளியேறவும் முடியாது. ஆகவே டேங்கைக் கழற்றியாக வேண்டும். ஏணியைக் கழற்றி, தரைப்பலகை மூன்றை எடுத்து, டீசலைக் கேன்களுக்கு மாற்றி, மாலைக்குள் அதை வெளியே இழுத்துவிட்டோம். அறுபது லிட்டர் இரும்பு டேங்க். அடிமூலையில் ஊசி முனை அளவில் மூன்று ஓட்டைகள். டீசலோடு கலந்த தண்ணீர் அடியில் தங்கி உள்ளிருந்தே அரித்திருக்கிறது. இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்து, உட்புறம் பூசும் எபாக்சிப் பூச்சை இரண்டு டப்பாக்களில் பினாங்கிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். ஆனால் பூசுவதற்கு முன் ஓட்டையைப் பற்றவைக்க வேண்டும்.

“டேங்க் வேலைன்னா மன்னார்குடிக்குப் போங்க. ஜபருல்லா பாய்னு கேளுங்க. துபாய்ல கப்பல் பட்டறையில இருந்தவரு” என்றார் பக்கத்துப் படகின் டிரைவர். இங்கே விசைப்படகை ஓட்டுபவரும் டிரைவர்தான்.

மூன்றாம் நாள், டேங்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினேன். வசந்தி படகுக்குக் காவல். திருவாரூர் தாண்டியதும் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்தார்.

“என்னங்க இது, டீசல் வாடை?”

“காலி டேங்க்தாங்க.”

“காலி டேங்க்தாங்க வெடிக்கும். எறங்குங்க.”

மனிதர் சொன்னது சரி. நிறைந்த டேங்கைவிட, ஆவி மட்டும் மிஞ்சிய காலி டேங்குதான் ஆபத்து. எஞ்சின் அறையில் புதிதாகச் சேருபவர்களுக்கு நானே அதைத்தான் முதல் நாளில் சொல்வேன். வாதாடாமல் இறங்கிக்கொண்டேன்.

அரைமணி நேரம் வெயிலில் நின்ற பிறகு குட்டியானை என்று இங்கே சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்று நின்றது. பின்னால் உருளை உருளையாகக் கட்டிய வைக்கோல். டிரைவர் டேங்கைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார், “மடியில வச்சுக்கிட்டு முன்னால ஒக்காருங்க” என்றார். அப்படியே மன்னார்குடி வரை போனேன்.

எங்கள் ஊருக்கு வடக்கே கெடா மாநிலத்திலும் நெல்தான். அங்கே வயல்கள் அடிக்கோலால் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். இங்கே வாய்க்கால் வளைந்தால் வரப்பும் வளைகிறது, சாலையும் வளைகிறது. தாளடி என்னும் இரண்டாம் போக நெல்லின் அறுவடை உச்சத்தில் இருந்தது. பார்க்கும் பக்கமெல்லாம் அறுவடை மிஷின்கள். சாலையின் ஒரு பாதி வண்டிகளுக்கு, மறுபாதி காயும் நெல்லுக்கு. எங்கள் டிரைவர் நெல்லின் மேல் ஒரு சக்கரம்கூடப் படாமல் ஒடித்து ஒடித்து ஓட்டினார். எதிரே வந்த கார்க்காரர் நெல்லின் மேல் ஏற்றியபோது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஜபருல்லா பாயின் பட்டறை பெரிய தெப்பக்குளத்தைத் தாண்டி இருந்தது. அறுபதை நெருங்கும் மெலிந்த மனிதர். வாசலில் நான்கு டிராக்டர்களும் உள்ளே ஒரு அறுவடை மிஷினின் வயிற்றுப்பகுதியும் கிடந்தன. டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

“பெட்ரோலா, டீசலா?”

“டீசல்.”

“அப்ப உசுரோட இருப்போம். ஆனா அவசரப்படுத்தக் கூடாது. துபாய்ல எங்கூட இருந்த ஒரு பையன், காலி டேங்க்தானேன்னு கொளுத்துனான். நான் டீ குடிக்க வெளிய வந்திருந்தேன். அதனால இப்ப ஒங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்.”

நான் அவசரப்படுத்தவில்லை. டேங்கினுள் ஒரு பழைய சைக்கிள் செயினையும் ஒரு படி ஜல்லியையும் சோப்புத்தூள் கலந்த வெந்நீரையும் போட்டு மூடினார். ஒரு டிராக்டரை ஜாக்கி போட்டுத் தூக்கி, அதன் பின்சக்கரத்தோடு டேங்கைக் கயிற்றால் வரிந்து கட்டினார். எஞ்சினை ஓடவிட்டதும் எங்கள் டேங்க் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. பினாங்கில் இதே வேலைக்கு ஒரு தனி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதைவிட இது நன்றாகச் சுத்தம் செய்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கொட்டியபோது மிளகு ரசம்போல் கறுப்பாக வந்தது, துருவும் கசடும். ஐந்து தடவை கழுவிய பிறகுதான் தெளிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்தவர் என்னை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். நெய்ச்சோறும் தாளிச்சாவும். தாளிச்சாவில் கிடந்த மாங்காய்த் துண்டுக்காகவே இன்னொரு முறை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு வேலையைத் தொடங்கினார். ஒரு மணி நேரம் டேங்கினுள் நீராவி பாய்ச்சி, பிறகு ஓட்டை மேலே வருமாறு நிறுத்தி, ஓட்டைக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பினார். உள்ளே ஆவி சேர இடமே இல்லை. அப்படியும் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் பற்றவைத்தார். அரித்த இடத்தை வெட்டி எடுத்து உள்ளங்கை அளவு புதுத் தகடு வைத்தார். சைக்கிள் பம்பால் கொஞ்சமாகக் காற்றடித்து, சோப்பு நுரை பூசிப் பார்த்தோம். எங்கும் குமிழி வரவில்லை.

“நாளைக்குக் காயட்டும். நாளன்னைக்கு ஒங்க மருந்தை ஊத்திக்கலாம்” என்றார். விரலால் எண்ணிப் பார்த்தேன். பூச்சு உலர இரண்டு நாள், படகில் மாட்ட அரை நாள். ஒன்பது நாளுக்குள் முடிந்துவிடும். அன்று விடுதியில் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் காலை பட்டறைக்குப் போனபோது ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். காலில் சேறு காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு மிஷின் டிரைவர், அவர் காலடியில் ஒரு பெரிய டேங்க். ஒரு சாண் நீளத்துக்கு மூட்டு பிளந்திருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் அமுதா. குடவாசல் பக்கத்தில் ஒன்பது மா நெல். மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. முதல் வரிசை அறுத்ததுமே, மிஷின் வரப்பேறும்போது பனங்கட்டையில் இடித்து டேங்க் கிழிந்துவிட்டது. குடவாசலில் பட்டறைகளில் எல்லாம் கூட்டம், அதனால் இங்கே வந்திருந்தார்கள்.

ஜபருல்லா பாய் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “முழுக்கத் துரும்மா. கழுவிப் பத்தவைக்க ரெண்டு நாளு” என்றார்.

“ரெண்டு நாளா? நாளைக்குச் சாயந்தரம் மழைங்கிறாங்க பாய். பயிரு ஏற்கெனவே சாஞ்சு கெடக்கு. தண்ணி பட்டா மொளச்சிடும்.”

“வேற மிஷின்?”

“எல்லாருந்தான் மழைக்கு முன்னாடி அறுக்கணும்னு நிக்கிறாங்க. யாரு குடுப்பா? இந்த மிஷினும் நகர முடியாம வயலுக்குள்ளயே நிக்குது. சும்மா மேலோட்டமா ஒரு பத்து வச்சுக் குடுங்களேன்.”

“மாட்டேம்மா. ஒன் நெல்லு முக்கியந்தான். இங்க நிக்கிறவங்க உசுரும் இருக்குல்ல?”

அமுதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் வெயிலில் கவிழ்ந்திருந்த எங்கள் டேங்கில் நின்றது.

“அது யாருது?”

“அது கப்பல் டேங்கும்மா. இவரு மலேசியாவுலேருந்து வந்திருக்காரு.”

அமுதா என்னைப் பார்த்தார். “அண்ணே, அதுலயும் டீசல்தானே ஊத்துவீங்க?”

அதில் மறுபடி டீசல் ஊற்றினால் கழுவல், நீராவி, காயவைத்தல் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். டீசல் பட்ட இடத்தில் எபாக்சி ஒட்டாது. இன்னும் மூன்று நாள் போய்விடும், துறைமுக அனுமதி முடிந்துவிடும். முன்பின் தெரியாத வயலில் டேங்க் நசுங்கினால் அதுவும் போச்சு. வெளியே வந்து வசந்திக்குப் போன் போட்டேன். அவள் முடியாது என்று சொல்லிவிடுவாள், பழியை அவள்மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் உள்ளுக்குள் என் கணக்கு. இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

அவள் முழுவதையும் கேட்டாள். “அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கிதா?”

“உள்ள நிக்கிது.”

“அப்புறம் என்கிட்ட என்ன கேள்வி? அனுமதிய நான் பாத்துக்கிறேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

பத்து மணிக்குள், டேங்கோடு குடவாசல் வயலில் நின்றேன். நெல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாரிவிட்ட தலைமுடிபோல் படுத்திருந்தது. நடுவே, சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அந்தப் பெரிய மிஷின் அசையாமல் நின்றது. பழைய டேங்க் இருந்த இடத்தில் டிராக்டர் டியூபை வெட்டி விரித்து, அதன் மேல் எங்கள் டேங்கை வைத்து, லாரிக்குச் சரக்குக் கட்டும் பட்டையால் இறுக்கினேன். இரண்டு குழாய்கள் மாட்ட வேண்டும். ஒன்று எஞ்சினுக்கு டீசல் கொண்டுபோவது, மற்றது எஞ்சின் குடிக்காமல் மிச்சம் வைப்பதைத் திருப்பிக் கொண்டுவருவது. இரண்டையும் மாற்றி மாட்டினால் எஞ்சின் காற்றைக் குடித்து நின்றுவிடும். வடிகட்டியில் இருந்த காற்றை வெளியேற்றி, டிரைவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அவர் ஆத்தூர்க்காரர். “பத்து வருசமா ஓட்டுறேன் சார். கப்பலோட டேங்க வச்சு ஓட்டுனதில்ல” என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினார். மூன்றாவது முயற்சியில் புகை கக்கிக்கொண்டு பிடித்தது. அமுதா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கா, எஞ்சினுக்கா என்று தெரியவில்லை.

எங்கள் படகில் ஒரு வாரம் வரும் அறுபது லிட்டரை அந்த மிஷின் மாலைக்குள் குடித்துவிட்டது. அமுதா டூவீலரில் இரண்டு கேன்களைத் தொங்கவிட்டு, பெட்ரோல் பங்குக்கும் வயலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். இடையில் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கெளுத்தி மீன் குழம்பும் சோறும். குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. சாப்பிடும்போதுதான் சொன்னார், இதே வயலில் அவர் அம்மா முப்பது வருடம் கூலிக்கு நாற்று நட்டவர் என்று. “இப்ப அஞ்சு மா எம்பேர்ல. நாலு மா குத்தகை. அம்மா இன்னமும் வரப்புல நின்னு, யாரு வயலு மாதிரியோதான் பாத்துட்டுப் போவாங்க. எனக்குக் கோவமா வரும்.”

சாய்ந்த பயிரை ஒரு பக்கமிருந்துதான் அறுக்க முடியும் என்பதால், ஈர நிலத்தில் மிஷின் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது; இருட்டும்போது ஐந்து மா முடிந்திருந்தது. அன்று குடவாசலிலேயே தங்கினேன்.

மறுநாள் காலையிலேயே வானம் மூட்டம். மிஷின் ஓய்வின்றி ஓடியது. மதியம் இரண்டு மணி இருக்கும், அறுத்த தாளின் மேல் வரிசையாக ஈரப் புள்ளிகளைப் பார்த்தேன். மழை என்று நினைத்துக் குனிந்து தொட்டேன். டீசல்.

கையை ஆட்டி மிஷினை நிறுத்தினேன். பாய் வைத்த ஒட்டு அப்படியே இருந்தது. கசிந்தது எதிர்ப்பக்க மேல்மூட்டில். இரண்டு நாள் குலுக்கலில், நாற்பது வருடப் பழைய பற்றவைப்பு ஒரு மயிரிழை விலகியிருந்தது.

“நெல்லுல பட்டுச்சாண்ணே?” அமுதா ஓடிவந்தார். நாற்றமடிக்கும் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள்.

நெல் சேரும் பெட்டி மறுபக்கம். சொட்டியது தாளில் மட்டும்தான். அதைச் சொன்னதும் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆனால் இன்னும் ஒன்றரை மா நின்றது. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“வீட்ல துணி சோப்பு இருக்கா? கட்டி சோப்பு?”

“சோப்பா?”

“இருந்தா எடுத்துட்டு வாங்க. சீக்கிரம்.”

கட்டி சோப்பை டீசல் கரைக்காது. எஞ்சின் அறையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். டேங்கில் பாதியை வடித்துவிட்டு, மூட்டைத் துடைத்து, சோப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். விரிசலுக்குள் அது மாவுபோல் ஏறி அடைத்துக்கொண்டது. மேலே துணியைச் சுற்றிக் கம்பியால் கட்டினேன். மீதி நேரம் முழுக்க மிஷினின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு, ஒரு கையில் சோப்போடு, அந்த மூட்டையே பார்த்தபடி வந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மாலை நான்கரைக்குக் கடைசி வரிசை முடிந்தது. நெல் டிரெய்லரில் ஏறி, அதன் மேல் தார்ப்பாய் விரிந்து, கயிறு முடிச்சு விழுந்தபோது முதல் சொட்டு என் கழுத்தில் விழுந்தது. அமுதா மழையில் நனைந்துகொண்டே வெறும் வயலைப் பார்த்து நின்றார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார்.

நான் மன்னார்குடிக்குத் திரும்பி, பிளந்த மூட்டைக் காட்டினேன். ஜபருல்லா பாய் தலையில் அடித்துக்கொண்டார். “பம்பு அடிச்சுப் பாத்தப்ப ஒண்ணுமே தெரியலையே! இது கடல்ல வுட்டிருந்தா?” அதை யோசித்துத்தான் நானும் வழியெல்லாம் வந்திருந்தேன். பூச்சு பூசி, மாட்டி, அலையில் பத்து மணி நேரம் குலுங்கிய பிறகு, கரை தெரியாத இடத்தில் அது விட்டிருக்கும். இந்தமுறை அவர் எல்லா மூட்டுகளையும் தேய்த்து வெள்ளையாக்கி, ஒன்று விடாமல் புதிதாகப் பற்றவைத்தார். மூடிக்கு, நைந்துபோன கார்க் தகட்டை எறிந்துவிட்டு, டீசலுக்கு ஊறாத ரப்பரில் வளையம் வெட்டினோம். பிறகு எபாக்சியைக் கலந்து உள்ளே ஊற்றி, இருவருமாக டேங்கைப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் புரட்டிக்கொண்டே இருந்தோம், எல்லா மூலையிலும் அது ஏறும் வரை.

அனுமதி விஷயத்தில் வசந்திக்கு வேலையே வைக்கவில்லை அந்த மழை. காற்றழுத்தத் தாழ்வு என்று துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏற்றிவிட்டார்கள். எந்தப் படகும் வெளியே போகக் கூடாது. கொடி இறங்கும் வரை நாங்களும் இருந்துகொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் பூச்சு கல்லாக இறுகியிருந்தது. ஜபருல்லா பாய் தன் வண்டியிலேயே டேங்கைக் கொண்டுவந்து, படகுக்குள் குனிந்து நுழைந்து, மாட்டி முடிக்கும் வரை கூட இருந்தார். எஞ்சின் ஓடியபோது டேங்கின் அடியில் காகிதம் விரித்து வைத்தோம். காகிதம் அப்படியே இருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் அமுதா தன் அம்மாவோடு வந்தார். கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுத்துக்கொண்டார்களாம். வீட்டுக்கென்று நிறுத்திய இரண்டு மூட்டையில் ஒன்றை அரைத்து, பத்து கிலோ அரிசி கொண்டுவந்திருந்தார். அம்மா படகுக்குள் இறங்கவில்லை. மேல்தளத்தில் உட்கார்ந்து, பாய்க்கயிறு ஒவ்வொன்றையும் தொட்டு, இது எதுக்கு, அது எதுக்கு என்று வசந்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “எம்பொண்ணு வயலு தப்பிச்சுச்சும்மா” என்றார். அமுதா சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

விடிகாலையில் எஞ்சினை ஓட்டியே முகத்துவாரத்தைத் தாண்டினோம். வெளியே நல்ல வடகிழக்குக் காற்று. பாயை ஏற்றிவிட்டு எஞ்சினை நிறுத்தினேன். மதியம் வசந்தி அந்த அரிசியைப் பொங்கினாள். எங்கள் ஊர் அரிசிக்கு வைக்கும் அளவுக்கே தண்ணீர் வைத்துவிட்டாள். புது அரிசி குழைந்து களியாகிவிட்டது. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, ஆளுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டோம்.